பழம் விடச் சொன்ன டீச்சர்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். இதில் வரும் இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதையும் சொல்லப் போவதில்லை. யாராவது கண்டுபிடித்தாலும் கமெண்டில் போடாதீர்கள். எழுதியதை இருவருக்கும் அனுப்பிப் படிக்கச் சொன்னேன். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். மீதியைப் போடலாம் என்றார்கள்.

ஒருத்தி நர்ஸ். இன்னொருவன் அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரி, நம்மூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். இவளுக்கு நான் ஐந்தாம் வகுப்பு எடுத்தபோது அவன் பள்ளியிலேயே சேரவில்லை. ஆறு வருஷம் கழித்து அவனும் என் வகுப்புக்கு வந்தான். ஒரே ஊர், ஒரே டீச்சர் என்பதால் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் "அக்கா, அக்கா" என்று சுற்றி வந்தவன். அவளும் சாப்பாட்டு டப்பாவில் அவனுக்கும் சேர்த்துத்தான் எடுத்துப் போவாள்.

போன வருஷம் ஒருநாள் அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "டீச்சர், ரெண்டும் பேசிக்கிறதில்ல. இவ ராத்திரி டியூட்டின்னாலே அழறா. நீங்க சொன்னா கேப்பாங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

விஷயம் இதுதான். வார்டில் நர்ஸ் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவாள். சில சமயம் குழாயிலேயே சிவப்பணுக்கள் உடைந்து, மேலே தெளியவேண்டிய நீர் ரோஸ் நிறமாகிவிடும். ஹீமோலைஸ்டு என்கிறார்கள். அப்படியானால் சில பரிசோதனைகள் தப்பாக வரும், முக்கியமாகப் பொட்டாசியம். அணுவுக்குள் இருக்கிற பொட்டாசியம் வெளியே கொட்டிவிடுவதால், உடம்பில் இல்லாத அளவு ரிப்போர்ட்டில் தெரியும். எனவே லேப்பில் "இது ஆகாது, திரும்ப எடுத்து அனுப்பு" என்பார்கள். ஒரு வாரத்தில் நாலு தடவை அவளுக்கு அப்படித் திரும்பி வந்தது. ஒரு தடவை அவன் அதை வார்டு பாயிடம் சொல்லி அனுப்பினான். அந்தப் பையன் நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே, "சிஸ்டர், நீங்க எடுத்தது சரியில்லையாம், லேப்ல தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சத்தமாகச் சொன்னான். பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவளும் போனில், "ஏ.சி. ரூம்ல உக்காந்துகிட்டு குறை சொல்றது சுலபம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு அவள் "அக்கா" இல்லை, "சிஸ்டர்". அவளுக்கு அவன் "தம்பி" இல்லை, "லேப்". "லேப்ல கேளு", "லேபுக்குச் சொல்லு".

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, நடுவில் நான் உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் என்ன செய்தேனோ அதையே செய்தேன். "நீ சொல்லு. சரி. இப்ப நீ சொல்லு." ஆளுக்கு ஐந்து நிமிஷம்கூட இருக்காது. அப்புறம் தீர்ப்பு. "நீ பையன்கிட்ட சொல்லி அனுப்பினது தப்பு. நீ பெரியவ, வார்த்தைய விட்டிருக்கக் கூடாது. கையைக் குடுங்க ரெண்டு பேரும்."

உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். யார் யாரோடு காய் விட்டிருந்தாலும், இடைவேளை மணிக்குள் பழம் விட வைத்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

"சரி டீச்சர்" என்றார்கள். கை கொடுத்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் அம்மாவுக்குப் போன் செய்து "முடிஞ்சுது" என்று சொன்னேன்.

சரியாகப் பத்து நாள் கழித்து அந்த ராத்திரி வந்தது.

டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒரு பாட்டி. வீட்டில் ஏதோ விசேஷம், ஒரு தடவை டயாலிசிஸுக்கு வராமல் விட்டுவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று அட்மிட் ஆனவர். எட்டு மணிக்கு டியூட்டி மாறியபின் இவள் ரத்தம் எடுத்து அனுப்பினாள். லேப்பில் பொட்டாசியம் 6.8 என்று வந்தது. சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரை இருக்கவேண்டியது. ஏழை நெருங்கினால் இதயம் எப்போது வேண்டுமானாலும் தடுமாறலாம். இப்படி ஒரு எண் வந்தால் லேப்காரர் உடனே வார்டுக்குப் போன் செய்யவேண்டும், எடுப்பவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். இதுதான் முறை.

அவன் குழாயைப் பார்த்தான். லேசாக ரோஸ் நிறம். "இது அந்தம்மா எடுத்த சாம்பிள்தானே, வழக்கம்போல உடைஞ்சிருக்கும்" என்று நினைத்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தான், அதிலேயே நேரம் போனது. அப்புறம் வார்டுக்கு இரண்டு முறை போன் செய்தான், யாரும் எடுக்கவில்லை. ரிஜிஸ்டரில் அதை எழுதிவிட்டு, கேஷுவாலிட்டியிலிருந்து வந்த அடுத்த சாம்பிளைக் கையில் எடுத்தான்.

மாடியில், போன் அடித்தபோது அவள் இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தாள். போனில் லேப் நம்பர் தெரிந்தது. "திரும்பக் குத்தச் சொல்லத்தான் கூப்பிடறான். ரவுண்டு முடிச்சிட்டுப் பேசிக்கலாம்" என்று விட்டுவிட்டாள்.

ஏறக்குறைய ஐம்பது நிமிஷம். அந்தப் பக்கம் தற்செயலாக வந்த டியூட்டி டாக்டர் மானிட்டரில் இ.சி.ஜி. கோடு கூர்கூராக ஏறியிருப்பதைப் பார்த்து, கால்சியம் ஊசி போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக டயாலிசிஸுக்கு அனுப்பினார். பாட்டி பிழைத்துக்கொண்டார். தாமதம் ஆனதைப் பெரிய டாக்டரே அவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதைச் சொன்னதற்காக அந்த டாக்டர் மேல் எனக்கு மரியாதை.

மறுநாள் இருவருக்கும் மெமோ. இருவரும் விளக்கக் கடிதம் கொடுத்தார்கள். அவள் கடிதத்தில் "நோயாளிக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்த காரணத்தால் தொலைபேசியை எடுக்க இயலவில்லை." அவன் கடிதத்தில் "இரு முறை அழைத்தும் வார்டில் பதில் இல்லை." இரண்டிலும் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இரண்டிலும் நடந்தது கிடையாது. மெமோவுக்குப் பதில் எழுதும்போது எல்லோரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவோம். நானும் என் காலத்தில் இரண்டு மெமோவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இதைக் கேட்டபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. அந்தப் பாட்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் பஜ்ஜிக்கும் அதில் பங்கு உண்டு. நான் கை கொடுக்க வைத்ததால் சண்டை முடியவில்லை, வெளியே தெரியாமல் போனது. அவள் என்ன நினைத்தாள் என்று பிற்பாடு சொன்னாள்: "உங்க முன்னாடி நான் தோத்துட்டேன் டீச்சர்." அவன் நினைத்தது: "டீச்சர்கிட்ட போய் கோள் சொல்லிட்டா."

என் தம்பி மகள் வக்கீல். நீதிமன்ற சமரச மையத்தில் சமரசராகவும் இருக்கிறாள், அதற்கென்று நாற்பது மணி நேரப் பயிற்சி எடுத்தவள். அவளிடம் புலம்பினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அத்தை, நீங்க பண்ணினது சமரசம் இல்ல, பஞ்சாயத்து" என்றாள்.

கோபம் வந்தது. உண்மை என்பதால் அதிகமாகவே வந்தது.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பஞ்சாயத்தில் நடுவில் இருப்பவர் தீர்ப்பு சொல்வார். சமரசர் சொல்லமாட்டார். சொல்ல அதிகாரமும் இல்லை. இரண்டு பேரும் விரும்பித்தான் வரவேண்டும், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். உள்ளே பேசியது வெளியே போகாது. நம் மாநிலத்தில் இதற்கான மையம் 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கியது, இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. ஏப்ரல் 9-ஐ சமரச தினம் என்று கொண்டாடுகிறார்கள். 2023-இல் இதற்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டமும் போட்டது. வழக்கு போட்டால்தான் என்று இல்லை, வழக்குக்கு முன்னாலேயே, வேலை செய்கிற இடத்துத் தகராறுக்கும் தனியாக சமரசம் செய்துகொள்ளலாம் என்றாள்.

"அப்ப நீயே பண்ணேன்" என்றேன்.

உடனே ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, "நான் உங்க டீச்சரோட அண்ணன் தம்பி வழிச் சொந்தம். அது ஒத்துவராதுன்னா வேற ஆளைச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். இருவரும் பரவாயில்லை என்றார்களாம். அடுத்து அவள் கேட்டதுதான் எனக்குத் தோன்றியிருக்கவே முடியாதது. சாதியைச் சொல்லித் திட்டினது, கை வைத்தது, மிரட்டினது, பெண் என்பதால் தொந்தரவு செய்தது, இப்படி ஏதாவது இருக்கிறதா என்று இருவரிடமும் கேட்டாள். இருந்தால் இப்படி உட்கார்ந்து பேசுவதற்கு இல்லை. சாதி வசவு போலீஸுக்குப் போகவேண்டியது. பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் இருக்கவேண்டிய உள்ளகக் குழுவுக்குப் போகவேண்டும். அங்கேகூட அந்தப் பெண்ணே கேட்டால்தான் சமரசம், அதுவும் பணத்தை வைத்து முடிக்கக் கூடாது. நான் எத்தனை பெண் பிள்ளைகளை, என்ன ஏது என்று கேட்காமல் "பழம் விடு" என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போதும் நினைக்கிறேன். உங்களில் யாராவது அப்படி இருந்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

அப்புறம் பெரிய டாக்டரிடம் போனாள். உள்ளே பேசுவதை மெமோவுக்கோ நடவடிக்கைக்கோ பயன்படுத்தமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாள். அவர் யோசித்தார். "அப்ப எனக்கு என்னதான் தெரியும்?" "என்ன மாறணும்னு தெரியும் டாக்டர். அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நீங்க தனியா விசாரிங்க, அது உங்க கடமை. இதுல கலக்காதீங்க." ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரிக்குள்ளே வேண்டாம் என்று தன் ஆபீஸிலேயே வைத்துக்கொண்டாள். நைட் டியூட்டி முடிந்து வருகிற நாளும் வேண்டாம் என்றாள். இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நான் வரலாமா என்று கேட்டேன். "நீங்க வாசல்ல கூட நிக்கக் கூடாது அத்தை." சரி என்று வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். ஆகவே கீழே எழுதுவது எல்லாம் அவர்கள் இருவரும் என்னிடம் பிறகு சொன்னது. என் தம்பி மகள் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் அவள் பேசி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது. முடித்ததும், அவள் சொன்னதை அவன் திருப்பிச் சொல்லவேண்டும், "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று அவள் ஒத்துக்கொள்ளும்வரை. பிறகு அவன் முறை. இதைக் கேட்டதும் அவன், "மேடம், நாங்க போன்ல பொட்டாசியம் சொன்னா அவங்க திருப்பிச் சொல்லணும். அதே மாதிரியா?" என்று கேட்டானாம். இரண்டு பேருமே கொஞ்சம் சிரித்திருக்கிறார்கள். அவள் சொன்னதை முதல் தடவை திருப்பிச் சொன்னபோது அவன் சொன்னது தப்பு. "நான் அவங்க வேலையைக் குறை சொன்னேன்னு சொல்றாங்க" என்றான். அவள், "அது இல்ல. பேஷண்ட் வீட்டுக்காரங்க முன்னாடி, வார்டு பாய் வாயால சொன்னதுதான்" என்றாள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. மூன்று மாதம் சண்டை போட்டும் எதற்காகச் சண்டை என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் ஆளுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தவள்.

அடுத்து அவன் ஒன்று கேட்டான். "முன்னாடியெல்லாம் உங்க சாம்பிள் உடையவே உடையாதே. இப்ப மட்டும் ஏன்?" குற்றம் சொல்லாமல் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறான். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: வேக்யூட்டெய்னர் ஊசியும் ஹோல்டரும் ஸ்டோரிலிருந்து சரியாக வருவதில்லை, சாதா சிரிஞ்சில் இழுத்து, ஊசியோடேயே குழாய்க்குள் பீய்ச்சுகிறோம் என்று. அழுத்திப் பீய்ச்சினால் அணுக்கள் உடையும் என்பது லேப்காரனான அவனுக்குத் தெரியும். ஸ்டோரில் பொருள் இல்லை என்பது வார்டுக்காரியான அவளுக்குத் தெரியும். ஒரே கட்டிடம். ஒரு மாடி வித்தியாசம். பேசியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. ஒரு பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரோடு நான் நான்கு வருஷம் பேசவில்லை. டைம்டேபிளில் கடைசி பீரியட் யாருக்கு என்பதில் ஆரம்பித்தது. பக்கத்து வகுப்பு. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஒரு பிள்ளையிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவோம். அந்தப் பிள்ளைகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. ஹெட்மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, "படிச்சவங்க, ஒற்றுமையா இருங்க" என்று சொன்னார். "சரி சார்" என்றோம். மறுநாளும் சீட்டுதான் போனது. இதைத் தெரிந்துவைத்திருந்தும் நான் அந்த ஹெட்மாஸ்டர் செய்ததையே செய்திருக்கிறேன்.

இரண்டாவது சனிக்கிழமை அந்த ராத்திரியைப் பற்றிப் பேசினார்கள். முதலில் தனித்தனியாக. தனியாகப் பேசியதில், வெளியே சொல்லலாம் என்று அவர்கள் அனுமதிப்பதை மட்டும்தான் அடுத்தவரிடம் சொல்வார்களாம். அவள் அங்கேதான் முதல் தடவை யாரிடமோ சொன்னாள்: போன் அடித்ததைப் பார்த்தேன், எடுக்கவில்லை என்று. சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதிருக்கிறாள். பிறகு, "நீங்க சொல்லாதீங்க மேடம், நானே அவன்கிட்ட சொல்றேன்" என்று சொல்லி, சேர்ந்து உட்கார்ந்தபோது அவளே சொன்னாள்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "படி இருபத்திரண்டு" என்றான். "லேப்லேர்ந்து உங்க வார்டுக்கு. எண்ணியிருக்கேன். ஏறி வந்திருக்கலாம். உங்க முகத்தைப் பாக்கணுமேன்னு வரல."

யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கை கொடுக்கச் சொல்லவில்லை. அவள் பிறகு பெரிய டாக்டரிடமும் தானாகப் போய்ச் சொல்லிவிட்டாள். இதை இங்கே எழுதச் சொன்னதும் அவள்தான்.

கடைசியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். சாம்பிள் உடைந்தால் நர்ஸிடமே நேராகப் போனில் சொல்வது, இடையில் ஆள் கிடையாது. ஆபத்தான எண் வந்தால், சந்தேகம் இருந்தாலும் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் மறுபடி ஓட்டிப் பார்ப்பது. ஐந்து நிமிஷத்தில் வார்டில் எடுக்காவிட்டால் டியூட்டி டாக்டருக்கு நேரே போன். லேப் நம்பர் அடித்தால், கை வேலையாக இருந்தால் பக்கத்தில் இருக்கிற யாரையாவது எடுக்கச் சொல்வது. மீதி அவர்கள் கையில் இல்லாதவை. அதற்குப் பெரிய டாக்டரையும் உட்கார வைத்தாள் என் தம்பி மகள். இரண்டு நர்ஸுக்கு இருபத்து நாலு கட்டில், நர்ஸ் மேஜையில் ஒரே போன், ராத்திரி முழுக்க லேப்புக்கு ஒரே ஆள். இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பேரை மட்டும் பேசிச் சமாதானமாகப் போகச் சொல்வது எனக்கும் நியாயமாகப் படவில்லை. வார்டுக்குக் கையோடு எடுத்துப்போகிற ஒரு செல்போன் வந்தது. வேக்யூட்டெய்னர் தீருமுன் வாங்கிவைக்கச் சொல்லி ஸ்டோருக்கு எழுத்தில் போனது. இரண்டாவது லேப் ஆளுக்கு "பார்க்கலாம்" என்றார். ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இருவரும் பழையபடி ஆகிவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. டப்பாவில் அவனுக்குச் சாப்பாடு போவதில்லை. "இன்னும் சிஸ்டர்தான் டீச்சர், அக்கா இல்ல" என்றாள். சொன்னபோது முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. "ஆனா போன் எடுத்துடறேன். அவனும் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மாடி ஏறி வந்தான், செல் சார்ஜ் இல்லாம போச்சுன்னு."

போன மாதம் என் தம்பி மகளிடம், "நானும் அந்த நாற்பது மணி நேரப் பயிற்சி எடுக்கலாமா, அறுபத்தாறு வயசுல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டேன். "முதல்ல நாற்பது நிமிஷம் பேசாம இருந்து பழகுங்க அத்தை" என்றாள். அவள் அப்பனைப் போலவே வாய்.

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு சர்க்கரை, கொலஸ்ட்ரால் டெஸ்ட். அந்த ஆஸ்பத்திரியில்தான். அவள் காலை டியூட்டி, அவனும் காலை டியூட்டி. வெறும் வயிற்றில் வரவேண்டும், வந்தால் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்துப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று இருவருமே தனித்தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டார்கள்.